ஆஸ்பத்திரி பில்லைக் குறைக்க வழி உண்டா? பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

என் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊரிலேயே பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். விடிவதற்குள் ஐம்பதாயிரம் டெபாசிட், காலையில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட், அத்தையின் வளையல் அடகுக்கடையில். மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை மெதுவாகக் கேட்டார், "ஏம்ப்பா, நம்மகிட்ட அந்த முதலமைச்சர் கார்டு இருக்கே, அது இங்க செல்லாதா?" கார்டு வீட்டில் பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தால், அந்த மருத்துவமனையிலேயே தரைத்தளத்தில் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனியாக ஒரு கவுண்டர். மூன்று நாளும் அதைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறோம். கவுண்டரில் இருந்த பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர்க்கும்போதே குடுத்திருந்தா அப்ரூவல் வாங்கியிருக்கலாம் சார், இப்ப எல்லாம் முடிஞ்சிருச்சே" என்றார்.

அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: தமிழ்நாட்டில் மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும் பெரிய உதவிகள் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன் கேட்டால்தான் கிடைக்கும். பணத்தைக் கட்டிவிட்டு ரசீதோடு போனால் "அடடா" என்பார்கள், திருப்பித் தர மாட்டார்கள். அதனால் எதை எப்போது செய்வது என்ற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். முதல்முறையாக ஆஸ்பத்திரி வராண்டாவில் கையில் ஃபைலோடு நிற்பவர்களுக்காக எழுதுவது இது, விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கார்டு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் இந்தப் பெயருக்கு மாறியது, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் (முன்பு 72,000ஆக இருந்தது, அப்போது "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னொருமுறை முயன்று பார்க்கலாம்). முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே உண்டு.

எடுப்பது எப்படி? குடும்ப அட்டை, அதில் பெயருள்ள எல்லோருடைய ஆதார், வருமானச் சான்றிதழ். இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாகப் போய் வர நாள் பிடிக்கும், எனவே நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லாத நல்ல நாளில் போய் எடுத்துவைத்துவிடுங்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் அம்மா வீட்டு அட்டையிலேயே இருப்பது, ஆதாரில் ஒரு இனிஷியல் அட்டையில் வேறொரு இனிஷியல் என்று இருப்பது, இதெல்லாம் அவசரத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

கார்டு இல்லாமலே அவசரமாகச் சேர்த்துவிட்டீர்களா? அப்போதும் உடனே கவுண்டருக்குப் போய் "கார்டு இல்லை, ஆனால் தகுதி உண்டு, என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் சான்றிதழ்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடி, பதிவு செய்து எண்ணை வாங்கி வந்து கொடுத்த குடும்பங்களை எனக்கே தெரியும். 1800 425 3993 இந்தத் திட்டத்தின் கட்டணமில்லா எண், எந்த நேரமும் கூப்பிடலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. "இந்த ஆஸ்பத்திரியில் கார்டு எடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, "எடுப்பாங்க" என்ற பதிலோடு திருப்தியாகிவிடுகிறோம். கேள்வி அதுவல்ல. ஒரு மருத்துவமனைக்கு எலும்பு சிகிச்சைக்கு மட்டும் திட்டத்தில் இடம் இருக்கலாம், இதயத்துக்கு இல்லாமல் இருக்கலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளில் மட்டுமே திட்டத்தின்கீழ் செய்யப்படும். ஆகவே நோயின் பெயர், டாக்டர் சொன்ன சிகிச்சையின் பெயர், இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, "இந்தச் சிகிச்சைக்கு, இந்த மருத்துவமனையில், இந்தக் கார்டில் அப்ரூவல் கிடைக்குமா" என்று கேட்க வேண்டும். அப்ரூவல் வந்த பிறகு அதே சிகிச்சைக்கு "இது தனி, அது தனி" என்று கையில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பது விதிப்படி தவறு. அதே கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் குறைதீர்க்கும் குழுவும் இருக்கிறது.

அரசு மருத்துவமனைக்குப் போகும்போதும் கார்டைக் கொண்டு போங்கள். "அங்கேதான் இலவசமாச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே செய்யும் பெரிய ஆபரேஷன்களுக்கும் இந்தத் திட்டத்திலிருந்து அந்த மருத்துவமனைக்குப் பணம் போகிறது, விலை அதிகமான உபகரணம் வாங்க வேண்டிய இடத்தில் அது உதவும்.

விபத்து என்றால் கணக்கே வேறு

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நடந்தால், கார்டும் வேண்டாம் வருமானச் சான்றும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் வெளிமாநிலத்தவரானாலும் வெளிநாட்டவரானாலும் சரி. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. இதற்கு மேல், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்களுக்கு ஒன்றரை லட்சம் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு. டெபாசிட் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முன் "நம்மைக் காக்கும் 48இல் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர் வீட்டில் இருந்தால், சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். முக்கால் சதவீதம்தான் பிடிப்பார்கள், நூற்றறுபது ரூபாய்கூட வராது, அதனால் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பிடித்தத்துக்குள்தான் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோருடைய சிகிச்சையும் இருக்கிறது. சென்னையில் கே.கே. நகர், அயனாவரம், அப்புறம் கோவை, மதுரை என்று இஎஸ்ஐ மருத்துவமனைகள் உண்டு. அங்கே வசதி இல்லாத சிகிச்சை என்றால் ஒப்பந்தத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு ரெஃபர் செய்வார்கள், அந்த ரெஃபரல் கடிதம் கையில் இல்லாமல் நேராகத் தனியாருக்குப் போனால் பிறகு பணம் வாங்குவது பெரும் அலைச்சல். அரசு ஊழியர், ஓய்வூதியர் வீடுகளுக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது, அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அலுவலகத்தில் நாலு பேர் சொல்வார்கள்.

தனியார் பாலிசி இருந்தால் அறையைப் பார்த்து எடுங்கள்

எல்லாவற்றையும்விட அதிகப் பேர் பணம் இழக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாலிசியில் "அறை வாடகை நாளொன்றுக்கு 5,000" என்று இருக்கிறது. நோயாளிக்கு வசதியாக இருக்கட்டும் என்று 8,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். நாளுக்கு மூவாயிரம்தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைப்போம். அப்படி இல்லை. எட்டில் ஐந்து பங்கு அறைக்குத்தான் உங்களுக்குத் தகுதி என்பதால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவோம் என்பார்கள். ஆபரேஷன் தொடர்பான கட்டணம் 1,60,000 என்றால் 1,00,000 வரும், மீதி 60,000 உங்கள் தலையில். மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருள்கள், பரிசோதனைக் கட்டணங்கள் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே சொல்லியிருக்கிறது, அதில் கைவைத்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

காப்பீடே இல்லாதவர்களுக்கும் அறைதான் முக்கியம். பல தனியார் மருத்துவமனைகளில் அறையின் தரம் ஏற ஏற, அதே டாக்டர், அதே ஆபரேஷன், கட்டணம் மட்டும் ஏறும். பொது வார்டு என்றால் ஒரு தொகை, தனி அறை என்றால் இன்னொன்று. போதாததற்கு நாளுக்கு 5,000க்கு மேல் வாடகையுள்ள அறைக்கு (ஐசியூ தவிர) 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. பொது வார்டு கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உறவுக்காரர்கள் பார்க்க வரும்போது ஏசி அறையில் இருக்க வேண்டுமென்று என் மாமாவுக்கே ஓர் ஆசை இருந்தது, அதை அத்தைதான் ஒரே பார்வையில் முடித்துவைத்தார்.

டிஸ்சார்ஜ் அன்று "இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை" என்று சாயங்காலம்வரை உட்காரவைத்தால்: மருத்துவமனை அனுப்பிய இறுதிப் பில்லுக்கு 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் பதில் தர வேண்டும், தாமதத்தால் கூடுதலாக ஆகும் மருத்துவமனைக் கட்டணம் நிறுவனத்தையே சேரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை இது. அந்த ஒரு வரியை நிறுவனத்தின் ஹெல்ப்லைனில் சொன்னாலே குரல் மாறும்.

எஸ்டிமேட் லெட்டர்

அவசரம் இல்லாத, நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால், மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் நோய், சிகிச்சை, உத்தேசச் செலவு மூன்றும் எழுதி, டாக்டர் கையெழுத்தும் சீலும் போட்ட எஸ்டிமேட் லெட்டர் வாங்குங்கள். ஒன்றல்ல, மூன்று நான்கு அசல் பிரதி. உதவி கேட்கும் எல்லா இடத்திலும் முதலில் கேட்பது இதைத்தான்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து இதய ஆபரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்குப் பகுதி உதவி கிடைக்கும். விண்ணப்பம், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, அசல் எஸ்டிமேட். மருத்துவமனை அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். பணம் உங்கள் கைக்கு வராது, நேராக மருத்துவமனைக்குப் போகும். முடிந்துபோன செலவுக்குத் தர மாட்டார்கள். உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிச் சேர்த்து அனுப்புவது நல்லது, எந்தக் கட்சி என்று பார்க்காமல் போங்கள், அங்கே இதற்கென்றே ஓர் உதவியாளர் இருப்பார். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் இதே காகிதங்களோடு மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் மனு எழுதித் தருபவர்கள் இருப்பார்கள், ஆனால் நீங்களே எழுதினால் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, தொகையும் ஆபரேஷன் தேதியும் முதல் நான்கு வரிக்குள் வர வேண்டும்.

இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்துக்கு உதவுகின்றனதான், ஆனால் நோயாளியின் படத்தை ஊர் முழுக்கப் பரப்ப வேண்டும், எல்லோருக்கும் அது ஒத்துவராது.

மருத்துவமனையையே மாற்றலாமே

இதை யோசிக்கவே பலர் பயப்படுகிறார்கள். கண் ஆபரேஷன் என்றால் 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு இருக்கிறது. புற்றுநோய்க்கு 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் லாப நோக்கில்லாதது. சென்னையில் ஓமந்தூரார் தோட்டத்திலும் கிண்டியிலும் அரசின் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனைகள் இருக்கின்றன. வேலூர் சிஎம்சி போன்ற அறக்கட்டளை மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள், மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அனுப்புவார்கள், குடும்ப நிலையை விசாரித்துச் சலுகைக்கு எழுதுவது அவர்கள் வேலை.

தனியாரில் சேர்த்து, பில் தினமும் ஏறுகிறது, இனி தாங்காது என்றால், அரசு மருத்துவமனைக்கு மாற்ற டாக்டரிடமே கேளுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் ஒருவர் அங்கே போய் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து படுக்கை, தேவைப்பட்டால் வென்டிலேட்டர் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கிளம்பினால் ஆம்புலன்ஸிலேயே மணிக்கணக்காகக் காத்திருக்க நேரும்.

பில் கையில் வந்துவிட்டது, இனி?

ஒரு பக்கச் சுருக்கப் பில்லை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். ஐட்டம் ஐட்டமாகப் பிரித்த பில் வேண்டும் என்று கேளுங்கள். மாமாவுக்கு அது பதினோரு பக்கம் வந்தது. இரவு முழுக்க உட்கார்ந்து நானும் என் தங்கையும் பென்சிலால் குறித்தோம். புதன் காலை எட்டரைக்கே அவரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், பில்லில் புதனுக்கும் முழுநாள் ஐசியூ, அதோடு வார்டு வாடகையும். ஒரே நாளில் ஒரே ரத்தப் பரிசோதனை இரண்டு முறை. நாங்கள் திரும்பக் கொடுத்த இரண்டு பெட்டி ஊசிமருந்து கழிக்கப்படவே இல்லை. மறுநாள் கணக்குப் பிரிவுக்குப் போய் சத்தம் போடாமல் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினோம். 31,000 ரூபாய் குறைந்தது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், கம்ப்யூட்டரில் யாரோ ஒருவர் நிறுத்த வேண்டியதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் பார்க்காவிட்டால் அது எங்கள் பணம்.

நீங்களும் பார்க்க வேண்டியவை இவையே: நாள் கணக்கு, டாக்டர் வந்து பார்த்த எண்ணிக்கை, திரும்பக் கொடுத்த மருந்து, கையுறை போன்ற சில்லறைச் சாமான்களின் எண்ணிக்கை. மருந்துக்கு அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதே ஆண்டு முழங்கால் மாற்று உபகரணங்களுக்கும் வந்தது. ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பில்லோடு ஒப்பிடுங்கள்.

தவறுகளைக் கழித்த பிறகு மிச்சமிருப்பதற்குத்தான் சலுகை கேட்க வேண்டும், முதலிலேயே கேட்டால் இரண்டையும் ஒன்றாக்கி ஒரு சின்னத் தொகையைக் குறைத்து அனுப்பிவிடுவார்கள். வாய்மொழியாகக் கேஷியரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கு அதிகாரம் கிடையாது. மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ நிர்வாக அலுவலருக்கோ நாலு வரிக் கடிதம் எழுதுங்கள், இப்படி:

"ஐயா, என் கணவர் தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து குணமடைந்துள்ளார். பில் தொகை இவ்வளவு. இதுவரை இவ்வளவு கட்டியுள்ளோம். என் குடும்ப மாத வருமானம் இவ்வளவு, சான்று இணைத்துள்ளேன். மீதியில் இயன்ற அளவு குறைத்து, எஞ்சியதை ஆறு தவணைகளில் கட்ட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சிகிச்சை செய்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தன் கட்டணத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும் டாக்டர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

பில் பாக்கி என்பதற்காக நோயாளியையோ, இறந்தவர் உடலையோ பிடித்துவைக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. 2017இல் டெல்லி உயர்நீதிமன்றம் இதைக் கண்டித்திருக்கிறது, மத்திய அரசு ஏற்ற நோயாளி உரிமைச் சாசனத்திலும் இருக்கிறது. அப்படி நடந்தால் காவல்துறையை 112இல் கூப்பிடுங்கள், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. கடன் கடனாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை, அதை வசூலிக்க வேறு வழி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ரிப்போர்ட், ரசீது எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள், அந்த வெப்பத்தாள் ரசீதுகள் ஆறு மாதத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரைகளுக்கு மலிவு விலையில் விற்கும் அரசுத் திட்டக் கடைகளான முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள், மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரை அல்ல) டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையீடு, ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, ஓராண்டுக்குள் போக வேண்டும். மருத்துவமனையோடு தகராறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டாண்டுக்குள். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணம் கிடையாது. ஆணையத்துக்குப் போகும்போது அந்தப் பதினோரு பக்கப் பில்லைப் பென்சில் குறிகளோடு அப்படியே கொண்டு போங்கள்.